வெண்டிலேட்டர், தொண்டை டியூப், தொத்து நோய்: ஐசியூ வாசல்ல அடிக்கடி கேக்குற கேள்விங்க

சேலத்துல ஒரு ஐசியூல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். ஆத்தூர், வாழப்பாடி, ஓமலூர், மேல ஏற்காடுனு எங்கிருந்து வந்தாலும் ஐசியூ வாசல்ல நின்னு சொந்தக்காரங்க கேக்குற சந்தேகம் பெரும்பாலும் ஒண்ணுதான், ஆனா டியூட்டி நேரத்துல நிதானமா பதில் சொல்ல முடியறதில்ல, அதான் அவங்க கேட்ட மாதிரியே எழுதி பதில் போட்டிருக்கேன். கொவிட், ஃப்ளூ, டிபி மாதிரி மூச்சு வழியா தொத்துற நோயோட வெண்டிலேட்டர்ல இருக்கறவங்கள பத்தி மட்டும்தான் இது. உங்க ஆளுக்கு எப்ப என்ன பண்ணணும்னு முடிவு பண்றது அவர பாக்குற டாக்டர்தான், இத படிச்சுட்டு போனா அவர்கிட்ட தெளிவா கேக்கலாம்.

மூக்குல ஆக்சிஜன் வச்சா பத்தாதா சிஸ்டர், எதுக்கு வாய்க்குள்ள இவ்ளோ பெரிய டியூப்?

மாஸ்க்ல ஆக்சிஜன் குடுத்தாலும் மூச்ச இழுத்து விடுற வேலைய அவரேதான் செய்யணும். நிமோனியா முத்தி நுரையீரல் கெட்டியாகிட்டா நெஞ்சு, கழுத்து, வயிறுனு எல்லா தசையையும் போட்டு இழுத்து இழுத்து ஒரு கட்டத்துல ஆள் ஓஞ்சு போயிடுவாரு. அப்பதான் வாய் வழியா மூச்சுக்குழாய்க்குள்ள டியூப் விட்டு அந்த வேலைய மெஷின்கிட்ட குடுக்கறோம்.

அந்த டியூபோட கீழ் முனைக்கிட்ட சின்ன பலூன் ஒண்ணு இருக்கும், கஃப்னு சொல்லுவோம். அத காத்தடிச்சு உப்ப வச்சா மூச்சுக்குழாய சுத்தி அடைச்சுக்கும், மெஷின் குடுக்குற காத்து மேல ஒழுகாது, வாய் எச்சில் கீழ இறங்கறதும் பெரும்பாலும் நிக்கும். இந்த கஃப் பத்தி கீழ நெறைய எடத்துல வரும்.

டியூப் போடறப்ப எங்கள எல்லாம் வெளிய அனுப்பிட்டு கதவ சாத்திக்கிட்டீங்களே, அப்படி என்ன பண்ணீங்க?

மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லைங்க. டியூப் போடறப்ப முகத்துக்கு நேரா முகம் வச்சு வேலை செய்யணும், அந்த நேரத்துல அவர் இருமுனா கண்ணுக்கு தெரியாத பொடிப் பொடி துளி காத்துல மிதக்கும். 2003ல சார்ஸ்ங்கற நுரையீரல் தொத்து நோய் வந்தப்ப டொராண்டோ, ஹாங்காங் மாதிரி ஊர்கள்ல ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கே நெறைய தொத்துச்சு. அந்த காலத்து ஆய்வுகள 2012ல ஒண்ணா சேத்து பாத்தப்போ, டியூப் போட்டவங்களுக்கு தொத்துன வாய்ப்பு போடாதவங்கள விட ஆறு மடங்குக்கு மேல இருந்துச்சு. அதுக்கப்புறம் கொவிட் சமயத்துல துளிய எண்ணுற கருவி வச்சு அளந்து பாத்தாங்க, நல்லா மயக்கம் குடுத்து தசைய தளர்த்தி நிதானமா டியூப் போட்டா ஒரு இருமல்ல வர்ற அளவு கூட துளி வரலைனு தெரிஞ்சுது. ஆக இருமலதான் தடுக்கணும்.

அதனால உள்ள நாலு பேருக்கு மேல நிக்க மாட்டோம், இருக்கறவங்கள்ல கை தேர்ந்த ஆள் (பெரும்பாலும் மயக்க டாக்டர்) கேமரா வச்ச லாரிங்கோஸ்கோப்ல (தொண்டைக்குள்ள பாக்குற கருவி) ஸ்க்ரீன பாத்து போடுவாரு, முகத்த கிட்ட கொண்டு போக வேண்டியதில்ல. தசை தளர்த்துற மருந்து நல்லா வேலை செஞ்சப்புறம்தான் வாய திறப்பாங்க. டியூப் உள்ள போன உடனே கஃப உப்ப வச்சுட்டு, அதுக்கப்புறம்தான் மெஷின ஓட விடுவோம், முன்னாடி இல்ல.

மெஷின்ல இருந்து வெளிய வர்ற காத்து ரூம் பூரா பரவாதா? பக்கத்து பெட்டுல இருக்கறவங்களுக்கு ஒட்டாதா?

ஒழுங்கா மாட்டியிருக்கற வரைக்கும் வெண்டிலேட்டர்ல இருக்கறவர், ஆக்சிஜன் மாஸ்க் போட்டுக்கிட்டு இருமிட்டு இருக்கறவர விட கம்மியாதான் பரப்புவாரு. அவர் விடுற மூச்சு டியூப் வழியா மூடின பாதையிலேயே போகுது. டியூபுக்கும் மெஷின் குழாய்க்கும் நடுவுல ஒரு ஃபில்டர், மெஷினுக்குள்ள திரும்பி வர்ற பக்கத்துல இன்னொண்ணு இருக்கும். கஃப் அழுத்தத்த 20ல இருந்து 30 செ.மீ. தண்ணி அழுத்தத்துக்குள்ள வச்சிருப்போம், அதுக்கு கீழ போனா ஓரமா காத்து கசியும், மேல போனா மூச்சுக்குழாய் சுவத்துக்கு ரத்தம் போகாம புண்ணாகும். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் சின்ன மீட்டர் ஒண்ண வச்சு அளக்கறத பாத்திருப்பீங்க, அது இதுக்குத்தான்.

அந்த பாதை எங்கயாவது பிரிஞ்சாதான் வம்பு. குழாய் கழண்டா, சளி எடுக்க திறந்தா, வேற மெஷினுக்கு மாத்துனா அப்பதான் உள்ள இருக்கறது வெளிய வரும். அதனால தொத்து நோய் வார்டுல நாங்க பண்ற எல்லாத்துக்கும் பின்னாடி ஒரே கணக்குதான், எத்தன தடவை திறக்கறோம்ங்கறத கொறைக்கறது. கீழ வர்ற பதில்கள்ல பாதி இதுல இருந்து வர்றதுதான். தனி ரூம்ல காத்து வெளிய போகாம உள்பக்கமா இழுக்குற ஏற்பாடு இருந்தா ரொம்ப நல்லது, மணிக்கு 12 தடவையாவது ரூம் காத்து முழுசா மாறணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

சளி எடுக்கறப்ப அப்பா துடிக்கிறாரு, பாக்க முடியல. எடுக்காம விட முடியாதா? இல்ல ரெண்டு மணிக்கொரு தடவை கரெக்டா எடுக்கணுமா?

டியூபுக்குள்ள சளி தேங்குனா அடைச்சுக்கும், அடைச்சா மூச்சே நின்னுடும், அதனால எடுக்காம விட முடியாது. அதுக்காக மணி பாத்தும் எடுக்க மாட்டோம். நெஞ்சுல கர கரனு சத்தம் கேட்டா, மெஷின்ல அழுத்தம் ஏறுனா, ஸ்க்ரீன்ல அலை ரம்பப்பல்லு மாதிரி தெரிஞ்சா, ஆக்சிஜன் இறங்குனா எடுப்போம். முன்னாடி நூறு சதவீத ஆக்சிஜன் குடுத்துட்டு, ஒரு தடவைக்கு 10, 15 செகண்டுக்கு மேல போகாம. அந்த நேரத்துல இருமுறதும் கண்ணுல தண்ணி வர்றதும் இருக்கும்தான், ஆனா இருமல் வர்றது நல்ல அறிகுறி.

டியூபோட ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்ள மெல்லிசா குழாய் ஒண்ணு எப்பவும் மாட்டியே இருக்கறத பாத்திருப்பீங்க, அதுக்கு பேரு க்ளோஸ்டு சக்ஷன். உறையோட பிடிச்சு உள்ள தள்ளி சளிய இழுத்துட்டு திரும்ப உறைக்குள்ளயே இழுத்துக்கலாம், மெஷின கழட்டவே வேண்டாம். விலை கூடதான், பில்லுல பாத்துட்டு எதுக்கு இதுனு கேக்குறவங்க இருக்காங்க, தொத்து நோய்ல இது நிஜமாவே வேணுங்க.

மெஷின் கத்திட்டே இருக்கு, நீங்க நிதானமா கவுன் மாட்டிட்டு இருக்கீங்க. உயிருக்கு மேல உங்களுக்கு கவுனா?

கோவம் புரியுது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நம்ம ஆள் கெடக்க, அலாரம் அடிக்க, இந்த பக்கம் ஒருத்தி கையுறை மேல கையுறை மாட்டிட்டு நிக்கறத பாக்கறது கொடுமை. ஆனா அலாரம் அடிச்ச உடனே வெளிய இருக்குற மானிட்டர்லயே என்ன அலாரம்னு எங்களுக்கு தெரியும். பெரும்பாலான அலாரம் அவர் இருமுனதுக்கோ, குழாய்ல தண்ணி சேந்ததுக்கோ, கைய அசைச்சதுல கிளிப் நழுவுனதுக்கோ வர்றது.

நிஜமா அவசரம்னா உள்ள ஏற்கனவே கவுனோட ஒருத்தர் இருப்பாங்க, முதல்ல கை வைக்கறது அவங்கதான். எங்க வார்டுல ஒரு ஷிஃப்டுல யாராவது ஒருத்தர் உள்ளயே இருக்கற மாதிரிதான் முறை போடுவோம், இல்லாத ஆஸ்பத்திரியில நீங்க அத கேட்டு வாங்கலாம், தப்பே இல்ல. வெளிய இருக்கறவங்க மாஸ்க் சரியா ஒட்டலைனு தெரிஞ்சும் ஓடிப் போனா, நாலு நாள் கழிச்சு அந்த நர்ஸும் படுத்துடுவாங்க, அவங்க பாத்துக்கிட்டு இருந்த மத்த பெட்டுங்களுக்கு யாரு? என்95 மாஸ்க் 95 சதவீதம் துளிய தடுக்குறதெல்லாம் முகத்தோட இடைவெளி இல்லாம ஒட்டுனாதான், மாட்டுனப்புறம் ரெண்டு கையாலயும் மூடி ஊதிப் பாக்கறது அதுக்குத்தான்.

தொண்டையில ஓட்டை போடணும்னு சொல்லிட்டாங்க. அப்போ அவ்ளோதானா சிஸ்டர்?

இந்த கேள்விதான் இத எழுதவே வச்சுது. கன்சென்ட் ஃபார்ம நீட்டுன உடனே அழுதுட்டு கையெழுத்து போட மாட்டேன்னு போறவங்க எத்தனையோ பேர். டிராக்கியாஸ்டமி, அதாவது கழுத்துல ஓட்டை போட்டு மூச்சுக்குழாய்க்குள்ள டியூப் வைக்கறது, கைவிட்டதுக்கு அடையாளம் கிடையாது. சொல்லப்போனா பொழைக்க மாட்டாருனு நெனைக்கறவங்களுக்கு இத டாக்டருங்க பெரும்பாலும் பண்ண மாட்டாங்க. இன்னும் கொஞ்ச நாள் மெஷின் தேவைப்படும், ஆனா மீண்டு வர வாய்ப்பிருக்குனு தோணுறவங்களுக்குத்தான் பண்றாங்க.

வாயில டியூப் இருக்கற வரைக்கும் நெறைய மயக்க மருந்து குடுத்தே வைக்கணும், உதடு, நாக்கு, குரல்நாண் எல்லாம் புண்ணாகும். கழுத்துல மாத்திட்டா மருந்த கொறைக்கலாம், கண்ண முழிச்சு உங்கள பாப்பாரு, உக்கார வைக்கலாம், பிசியோதெரபி பண்ணலாம், மெஷின்ல இருந்து கொஞ்ச நேரம் எடுத்து எடுத்து பழக்கலாம். 1952ல டென்மார்க்ல கோபன்ஹேகன்ல போலியோ பரவுனப்ப மூச்சு தசை செத்துப் போன பிள்ளைங்க கொத்து கொத்தா இறந்துட்டு இருந்தாங்க. பியோன் இப்சன்னு ஒரு மயக்க டாக்டர் ஒரு 12 வயசு பொண்ணுக்கு கழுத்துல டியூப் வச்சு கையால பை அமுக்கி மூச்சு குடுத்து காப்பாத்துனாரு, அதுக்கப்புறம் ஏறக்குறைய 1,500 மாணவர்கள் ராவும் பகலும் முறை போட்டு பை அமுக்குனாங்க, இறப்பு பாதிக்கு மேல கொறஞ்சுது. இன்னிக்கு இருக்கற ஐசியூவே அதுல இருந்து வளந்ததுதான்.

நல்லதுன்னா முதல் நாளே பண்ணியிருக்கலாமே, ஏன் பத்து நாள் வாயிலேயே வச்சிருந்தீங்க?

சீக்கிரம் பண்ணா உயிர் பொழைக்கற வாய்ப்பு கூடுமானு இங்கிலாந்துல பெரிய ஆய்வு ஒண்ணு பண்ணி 2013ல வெளியிட்டாங்க. நாலு நாளுக்குள்ள பண்ணவங்களுக்கும் பத்து நாள் கழிச்சு பாத்துக்கலாம்னு விட்டவங்களுக்கும் இறப்புல வித்தியாசம் இல்ல. அதுமட்டும் இல்ல, கழிச்சு பாத்துக்கலாம்னு விட்டதுல பாதிக்கு மேல ஆளுங்களுக்கு ஓட்டையே தேவைப்படல, அதுக்குள்ள தேறிட்டாங்க இல்லனா இறந்துட்டாங்க.

தொத்து நோய்ல இன்னொரு காரணமும் சேருது. கொவிட்ல பத்து நாள் தாண்டுனா தொத்துற தன்மை நல்லா கொறையும், ரொம்ப முத்துனவங்களுக்கு 20 நாள் வரைக்கும் போகலாம். 2020 ஆரம்பத்துல ரெண்டு மூணு வாரம் பொறுங்கனு சொன்னாங்க, அப்புறம் பத்து நாளுக்கு மேல நோயாளி தாங்குற நெலமையில இருந்தா பண்ணலாம்னு மாத்துனாங்க. தாங்குற நெலமைனா, பண்றப்ப கொஞ்ச நேரம் மூச்ச நிறுத்தணும் (அடுத்த பதில்ல சொல்றேன்), அத தாங்கணும். மெஷின்ல எண்பது, தொண்ணூறு சதவீத ஆக்சிஜன் வச்சு ஓடிட்டு இருக்கறவரு தாங்க மாட்டாரு. குப்புற படுக்க வச்சு பாத்துட்டு இருக்கற கட்டத்துலயும் பண்றதில்ல.

தியேட்டருக்கு கொண்டு போகாம பெட்லயே கழுத்த அறுக்கறாங்களாமே, இது சரியா?

சரிதான், தொத்து நோய்ல அதுதான் பல நேரம் நல்லது. தியேட்டருக்கு போகணும்னா மெஷின கழட்டி, வேற மெஷின் மாட்டி, காரிடார், லிஃப்ட்னு தள்ளிட்டு போய் திரும்ப வரணும், அத்தன எடத்துல திறக்க வேண்டி வரும். 1985ல இருந்தே ஊசி, கம்பி வச்சு பெட்லயே பண்ற முறை இருக்கு, பெருசா அறுக்கறதில்ல. கழுத்து ரொம்ப குட்டை, கட்டி இருக்கு, ரத்தம் உறையறதுல கோளாறு, இப்படி இருந்தா ஈஎன்டி டாக்டர் தொறந்து பண்ணுவாரு.

நடக்கறது இதுதான். தோளுக்கு அடியில துணி சுருட்டி வச்சு கழுத்த மேல தூக்குவோம். தசை தளர்ற மருந்து, இருமவே கூடாது. அஞ்சு நிமிஷம் நூறு சதவீத ஆக்சிஜன். டாக்டர் ரெடினு சொன்னதும் நான் வெண்டிலேட்டர நிறுத்தி வைப்பேன், எல்லார் கண்ணும் மானிட்டர்ல. மூச்சுக்குழாய் வளையங்களுக்கு நடுவுல தண்ணி ஏத்துன சிரிஞ்சோட ஊசி போகும், சிரிஞ்சுல குமிழ் வந்தா உள்ள சரியான எடத்துல இருக்குனு அர்த்தம். ஊசி வழியா மெல்லிசு கம்பி, கம்பி மேல ஓட்டைய விரிக்கற கூம்பு, அது மேலயே டியூப். கஃப உப்ப வச்சு, ஃபில்டரோட குழாய மாட்டி, அப்பதான் மெஷின் ஓடும். வெளிய வர்ற மூச்சுல கார்பன் டை ஆக்சைடு அலை ஸ்க்ரீன்ல எழும்புனா டியூப் சரியா இருக்குனு உறுதி. நடுவுல ஆக்சிஜன் ரொம்ப இறங்குனா வாய் டியூபோட கஃப திரும்ப உப்ப வச்சு மெஷின ஓட்டி ஏத்திட்டு மறுபடி ஆரம்பிப்போம், யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க.

அம்மாவோட தாலிய கழட்டணும்னு சொல்றீங்க, அப்பா உசுரோட இருக்கறப்ப எப்படி கழட்றது?

டியூப் உக்கார்ற எடம், அத கட்டுற நாடா எல்லாம் தாலிக்கொடி கெடக்குற அதே எடம். கரண்ட் வச்சு ரத்தத்த நிறுத்துற கருவி பயன்படுத்துனா பக்கத்துல உலோகம் இருந்தா சுட வாய்ப்பிருக்கு. நெறைய குடும்பத்துல தாலிய மட்டும் மஞ்சக்கயித்துல கோத்து, ட்ரிப்ஸ் போடாத கையில தளர்வா கட்ட சொல்லி குடுப்பாங்க, நாங்களும் கட்டி விடுவோம், கேளுங்க. கொடி, தோடு, கொலுசு எல்லாம் ஸ்பிரிட் போட்டு தொடச்சு கவர்ல போட்டு எழுதி வாங்கிட்டுதான் குடுப்போம், அத வாங்கி வீட்டுக்கு கொண்டு போறதுல தொத்து பயம் வேண்டாம்.

டிபி இருக்கறவங்களுக்கும் இதே முறைதானா? சாதா மாஸ்க் போட்டுட்டு பாக்க வரலாமா?

டிபி காத்துலயே நீண்ட நேரம் மிதக்கும், அதனால எந்நேரமும் என்95தான், நீல கலர் சர்ஜிக்கல் மாஸ்க் பத்தாது. ஃப்ளூவுக்கு சாதாரணமா பக்கத்துல நிக்க சர்ஜிக்கல் மாஸ்க் போதும், டியூப் போடறது, எடுக்கறது, கழுத்து ஓட்டை, திறந்து சளி எடுக்கறது, இந்த நேரங்கள்ல மட்டும் என்95க்கு மாறுவோம். பாக்க வர்றவங்க இந்த வேலைங்க நடக்காத நேரமா பாத்து வாங்க, கர்ப்பமா இருக்கறவங்களும் கைக்குழந்தையும் வேண்டாம்.

டியூப எடுக்கறப்ப அவர் இருமுவாரே, அப்ப பரவாதா?

பரவும், போடறப்ப விட எடுக்கறப்பதான் அதிகம். போடறப்ப தசை தளர்ந்து கெடக்காரு, எடுக்கறப்ப முழிச்சிருக்கணும், இருமணும், இருமுனாதான் சளிய அவரே வெளிய தள்ள முடியும். அதனால டியூப் எடுக்கற நேரமும் கதவு சாத்திதான் இருக்கும், எடுத்த உடனே மாஸ்க் போட்டு விடுவோம்.

கழுத்துல டியூப் இருந்தா பேச்சே வராதா? ஓட்டை அப்படியே இருந்துடுமா?

கஃப் உப்பியிருக்கற வரைக்கும் காத்து குரல்நாண் பக்கமே போகாது, சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். தேறுனப்புறம் கஃப இறக்கி, பேசறதுக்குனு ஒரு வால்வு மாட்டுனா பேசலாம். கஃப இறக்காம அந்த வால்வ மாட்டவே கூடாது, இழுத்த மூச்சு வெளிய போக வழியில்லாம ஆகிடும். தொத்துற காலம் முடியறதுக்கு முன்னாடி கஃப இறக்க சொல்லி எங்கள நச்சரிக்காதீங்க, காரணம் மூணாவது பதில்லயே இருக்கு. அதுவரைக்கும் சிலேட்டு இல்லனா எழுத்து அட்டை ஒண்ணு வாங்கி குடுங்க. டியூப எடுத்தப்புறம் ஓட்டை பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா மூடிக்கும், சின்ன தழும்பு இருக்கும்.

எங்க ஊரு ஏற்காட்டுக்கு மேல நாகலூர் பக்கம். ஆயாவ கழுத்து டியூபோட வீட்டுக்கு கூட்டிட்டு போலாமா?

தொத்துற காலம் முடிஞ்சு, மெஷின் இல்லாம மூச்சு விட்டா போலாம், ஆனா மலைங்கறதால சிலத முன்னாடியே யோசிக்கணும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், காத்தோட அழுத்தம் கடல் மட்டத்த விட ஏறக்குறைய ஆறுல ஒரு பங்கு கம்மி. நல்ல நுரையீரலுக்கு அது தெரியாது, நிமோனியால அடிபட்டதுக்கு தெரியும். கீழ ஆக்சிஜன் வைக்காம ரத்தத்துல ஆக்சிஜன் அளவு 92, 93 சதவீதத்துல நிக்கறவங்க மேல போனா இன்னும் இறங்கலாம், அதனால டிஸ்சார்ஜுக்கு முன்னாடி நாங்க மலை மேல இருக்கோம்னு டாக்டர்கிட்ட வாய தெறந்து சொல்லுங்க. முடிஞ்சா கொஞ்ச நாள் சேலத்துலயே சொந்தக்காரங்க வீட்டுல வச்சு பாருங்க.

மழை நாள்ல மேல கரண்ட் போனா சக்ஷன் மெஷின் நின்னுடும், அதனால பேட்டரி உள்ளதோ காலால மிதிக்கறதோ ஒண்ணு கண்டிப்பா வேணும். மூக்கு வழியா போற காத்து சூடாகி ஈரமாகி போகும், கழுத்து வழியா போறது அப்படியே போகுது, அந்த குளிர்ல சளி காஞ்சு கட்டியாகி டியூப அடைக்கும், டியூப் வாயில மாட்டுற எச்எம்இ ஃபில்டர (சூட்டையும் ஈரத்தையும் பிடிச்சு வைக்கற ஃபில்டர்) எப்பவும் போட்டு வைங்க, நனைஞ்சா மாத்துங்க. விறகடுப்பு புகை பக்கமே வேண்டாம். டியூபுக்குள்ள கழட்டி மாட்டுற மாதிரி இருக்கற உள் குழாய தினமும் கழுவணும், சளி எடுக்கறவங்க மாஸ்க் போட்டுதான் எடுக்கணும். வீட்டுல ரெண்டு பேராவது ஐசியூலயே எங்க முன்னாடி செஞ்சு காட்டி பழகிட்டு போங்க, ஒருத்தர் மட்டும் கத்துக்கிட்டா அவர் காப்பிக்காட்டுக்கு வேலைக்கு போன நேரத்துல யாரு பாப்பாங்க?

அங்க வச்சு டியூப் நழுவி வெளிய வந்துடுச்சுன்னா? 20 வளைவு இறங்கி வர்றதுக்குள்ள என்ன ஆகும்?

முதல்ல 108க்கு ஒருத்தர் போன் பண்ணட்டும், இன்னொருத்தர் ஆயாகிட்ட இருக்கட்டும். தோளுக்கு அடியில தலைகாணி வச்சு கழுத்த மேல தூக்குங்க. டிஸ்சார்ஜ் அப்ப அதே அளவுல ஒரு டியூப், ஒரு சைஸ் சின்னதா ஒரு டியூப் குடுத்திருப்போம், கேட்டு வாங்கிக்கோங்க, கட்டில் தலைமாட்டுலயே தொங்கணும், பீரோவுல வைக்காதீங்க. பழகினவங்க அத உள்ள வைக்க பாக்கலாம், போகலைனா சின்ன சைஸ். அதுவும் போகலைனா திணிக்காதீங்க, தப்பான எடத்துக்கு போயிடும். ஆக்சிஜன் இருந்தா மூக்கு வாய்க்கும் கழுத்து ஓட்டைக்கும் ரெண்டுக்கும் காட்டுங்க. மேல் வழி நல்லா இருக்கறவங்களுக்கு ஓட்டைய சுத்தமான துணியால மூடினா வாய், மூக்கு வழியா மூச்சு போகும், உங்க ஆயாவுக்கு அப்படி போகுமா போகாதானு டிஸ்சார்ஜ் அன்னிக்கே டாக்டர்கிட்ட கேட்டு, அட்டையில எழுதி அந்த டியூபோட சேத்து கட்டி வைங்க. ஆம்புலன்ஸ் வர லேட்டாகும்னா ஏற்காடு அரசு ஆஸ்பத்திரிக்கு முதல்ல கொண்டு போங்க, நேரா சேலத்துக்கு கார்ல இறங்கிடலாம்னு கெளம்பாதீங்க.